இலவசப் பல்கலைக்கழகமும் எமது கல்லாப்பெட்டியும்

மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் எனது கடைக்கு வேலை கேட்டு வந்தார். கல்முனை பஸாரில் கட்டடப் பொருள் வியாபாரம் செய்யும் எனக்கு அப்போது கணக்கு எழுத ஒருவர் தேவைப்பட்டிருந்தது. வந்தவரின் பைலில் மூன்று சான்றிதழ்கள் இருந்தன. இரண்டு, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் கொடுத்தவை. தடித்த தாள், பொன் நிற முத்திரை, இரண்டு கையொப்பங்கள். அவற்றுக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் கட்டியதாகவும், உம்மாவின் மாலை இன்னும் அடகில் இருப்பதாகவும் சொன்னார். மூன்றாவது, சாதாரண வெள்ளைத் தாளில் அச்சிட்ட ஒரு பக்கம். இணையத்தில் இலவசமாகப் படித்த ஒரு பாடத்துக்கானது.

நான் சான்றிதழ்களை ஓரமாக வைத்துவிட்டு, முந்திய மாதத்துக் கொள்முதல் பில் கட்டை எடுத்துக் கொடுத்தேன். "இதை ஒழுங்குபடுத்திக் காட்டுங்க தம்பி" என்றேன். இரண்டு மணித்தியாலத்தில் எந்தக் கம்பனிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எது முப்பது நாள் கடன், எது தவணை கடந்தது என்று கணனியில் ஒரு அட்டவணை போட்டுக் காட்டினார். நான் கேட்காத ஒன்றையும் சொன்னார். ஒரே சீமெந்து பில் இரண்டு தரம் பதியப்பட்டிருந்தது. "இதை எங்கே படிச்சீங்க?" என்று கேட்டேன். "அந்த வெள்ளைத் தாள் படிப்புத்தான் ஹாஜியார்" என்றார்.

ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் எல்லாம் ஏமாற்றுகின்றன என்றோ, இலவசமாகக் கிடைப்பதெல்லாம் தரமானது என்றோ நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களின் பாடங்கள் எமது பிள்ளைகளின் கைத்தொலைபேசி வரை வந்து கிடக்கும்போது, நாம் ஏன் நகையை அடகு வைத்துச் சான்றிதழ் வாங்கிக் கொண்டிருக்கிறோம்? அந்தப் பாடங்கள் அவ்வளவு நல்லவை என்றால், ஊரில் இத்தனை பேர் தொடங்கிவிட்டு ஏன் பாதியில் விடுகிறார்கள்?

சுவரில்லாத வகுப்பறை

இந்த வகைப் பாடநெறிகளை ஆங்கிலத்தில் சுருக்கமாக 'மூக்' என்பார்கள். யாரும் சேரலாம், எத்தனை ஆயிரம் பேரும் சேரலாம், அனுமதிப் பரீட்சை இல்லை, கட்டணம் இல்லை என்பது அதன் அடிப்படை. 2008இல் கனடாவில் ஜோர்ஜ் சீமென்ஸ், ஸ்டீவன் டவுன்ஸ் என்ற இருவர் நடத்திய ஒரு பாடநெறிக்கே முதன்முதலில் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. கட்டணம் செலுத்தி வகுப்பில் இருந்தவர்கள் இருபத்தைந்து பேர் அளவில்தான். இணையம் வழியாக இலவசமாகச் சேர்ந்தவர்களோ இரண்டாயிரத்துக்கு மேல்.

உலகம் திரும்பிப் பார்த்தது 2011இல். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செபஸ்டியன் துருன், பீட்டர் நோர்விக் ஆகியோர் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடத்தை இணையத்தில் திறந்து விட்டபோது சுமார் 160,000 பேர் பெயர் பதிந்தார்கள். அடுத்த வருடமே துருன் 'யுடாசிட்டி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஸ்டான்போர்டின் அன்ட்ரூ என்ஜி, டாப்னி கோலர் இருவரும் 'கோர்செரா'வைத் தொடங்கினார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.ரி.யும் சேர்ந்து 'எட்எக்ஸ்' என்ற அமைப்பை உருவாக்கின. எல்லாம் 2012ஆம் ஆண்டுக்குள் நடந்து முடிந்தவை.

எம்.ஐ.ரி.யின் முதலாவது பாடம் மின்சுற்றுகளும் இலத்திரனியலும் பற்றியது. அதில் முழுப் புள்ளியும் எடுத்தவர்களில் ஒருவர், மொங்கோலியாவின் தலைநகர் உலான்பாட்டரில் இருந்த பதினைந்து வயது மாணவன் பட்டுஷிக். பின்னர் அந்தப் பையனை எம்.ஐ.ரி.யே மாணவனாக ஏற்றுக்கொண்டது. இந்தச் செய்தியை வாசித்தபோது, மருதமுனையிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அப்படி எத்தனை பட்டுஷிக் இருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கணக்கை முழுதாகப் பார்ப்போம்

ஆனால் வியாபாரி ஒருவன் விற்பனையை மட்டும் பார்த்து இலாபம் சொல்ல மாட்டான். அதே எம்.ஐ.ரி. பாடத்தில் பெயர் பதிந்தவர்கள் சுமார் 155,000 பேர். சித்தியடைந்தவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இது முதல் வருடக் கோளாறு அல்ல. ஹார்வர்ட், எம்.ஐ.ரி. பாடங்களின் பல வருடத் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. 2017-18 காலத்தில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் என்று அது காட்டியது. அது மட்டுமல்ல, சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் வசதியான நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காகத் திறந்த கதவால் ஏற்கனவே படித்தவர்களும் வசதி உள்ளவர்களுமே அதிகம் நுழைந்திருக்கிறார்கள்.

இதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. சரிபார்த்த சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அவர்களில் நூற்றுக்கு 46 பேர் முடித்திருந்தார்கள். நூற்றுக்கு மூன்று எங்கே, நாற்பத்தாறு எங்கே?

கைக்காசு போட்டவன் கவனமாக இருப்பான் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி என்னவென்றால், முடிக்க வேண்டும் என்று ஏற்கனவே தீர்மானித்தவன்தான் காசையும் கட்டுகிறான். அதேபோல, முடிக்காத எல்லோரையும் தோற்றவர்கள் என்றும் எண்ணக் கூடாது. புடவைக் கடைக்குள் வரும் எல்லோரும் புடவை வாங்குவதில்லை. சிலர் விலை கேட்க வருகிறார்கள், சிலர் மழைக்கு ஒதுங்குகிறார்கள். ஒரு பாடத்தில் இரண்டு வீடியோவைப் பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனவரும் பயனடைந்தவர்தான். ஆனாலும், நூறு பேர் நுழைந்து மூன்று பேர் மட்டும் பொதியோடு வெளியே போகும் கடையில் ஏதோ குறை இருக்கிறது என்பதை எந்த முதலாளியும் ஒத்துக்கொள்வார்.

அந்தக் குறை எங்கே என்பதை 2013இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு பரிசோதனை காட்டியது. சான் ஹோசே அரச பல்கலைக்கழகமும் யுடாசிட்டியும் சேர்ந்து ஆரம்பக் கணிதம், புள்ளிவிபரவியல் போன்ற பாடங்களை இணையம் வழியாக நடத்தின. சேர்ந்தவர்களில் ஏற்கனவே கணிதத்தில் தவறியவர்களும் பாடசாலை மாணவர்களும் இருந்தார்கள். சித்தி வீதம் மிக மோசமாக இருந்ததால் சில மாதங்களிலேயே அந்தத் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. தானாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு இது பெரும் வரம். பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியவனுக்கு வீடியோ மட்டும் போதாது. எமது ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இரண்டாவது வகையினர். அது அவர்களின் புத்திக் குறைவு அல்ல. பன்னிரண்டு வருடம் பாடசாலையிலும் ரியூசனிலும் நோட்ஸ் எழுதிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று "நீயாகப் படி" என்றால் அது என்ன செய்யும்?

இலவசத்தின் விலை

இலவசமாகச் சரக்குக் கொடுக்கும் கடையை யாராவது நடத்த வேண்டும், அதற்கு வாடகை யாராவது கட்ட வேண்டும். கோர்செரா போன்ற நிறுவனங்கள் முதலீட்டாளர்களின் பணத்தில் தொடங்கின. முதலில் சான்றிதழும் இலவசமாகத்தான் இருந்தது. பிறகு சான்றிதழுக்குக் கட்டணம் வந்தது. பிறகு புள்ளியிடப்படும் பயிற்சிகளும் பல பாடங்களில் கட்டணத்துக்குள் போயின. இலாப நோக்கமற்றது என்று தொடங்கிய எட்எக்ஸ் 2021இல் 80 கோடி டொலருக்கு 'டூ யூ' என்ற கம்பனிக்கு விற்கப்பட்டது. அந்தக் கம்பனி 2024 ஜூலையில் கடன் சுமை தாங்காமல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. யுடாசிட்டியை அதே வருடம் 'அக்சென்சர்' என்ற பெரிய கம்பனி வாங்கிக்கொண்டது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் செய்பவன் வரவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதன் பலன் எமது கடற்கரைக்கு வேறு மாதிரி வந்து விழுகிறது. அமெரிக்காவில் 49 டொலர் என்பது ஒரு குடும்பம் ஒரு நேரம் வெளியில் சாப்பிடும் செலவு. இங்கே டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டாலும் அது 14,700 ரூபா. 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. கடன் அட்டை இல்லாத வீட்டில் அந்தப் பணத்தைக் கட்டும் வழியே இல்லை. ஆகவே பிள்ளை பாடத்தை முழுதும் படித்தாலும், அதை நிரூபிக்கும் தாள் கையில் இல்லாமல் நிற்கிறது.

இந்த இடத்தில் எமது பக்கத்து நாடு வேறு வழியைக் காட்டியிருக்கிறது. இந்தியாவின் ஏழு ஐ.ஐ.ரி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனமும் சேர்ந்து 2003இல் 'என்.பி.ரி.ஈ.எல்.' என்ற திட்டத்தைத் தொடங்கின. செலவு அரசாங்கத்தினுடையது. வீடியோக்கள், வாராந்தப் பயிற்சிகள் எல்லாம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் இந்திய ரூபா அளவில் கட்டி, ஒரு பரீட்சை நிலையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். இறுதிப் புள்ளியில் நான்கில் மூன்று பங்கு அந்தப் பரீட்சைக்குத்தான். படிப்பை இலவசமாக்கி, பரீட்சையைக் கண்டிப்பாக்கினார்கள். அத்தோடு கல்லூரி தோறும் கிளைகள் வைத்து, பாடத்துக்கு ஒரு விரிவுரையாளரை வழிகாட்டியாகப் போட்டார்கள். பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழிலும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதன் இரகசியம் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

எமது நாட்டிலும் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் துறையில் ஆரம்பநிலைப் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறது. இணையப் பக்க வடிவமைப்பு, பைதன் மொழி, அதன் பின் முன்பக்க, பின்பக்க நிரலாக்கம் என்று படிப்படியாகப் போகும் பாடங்கள். மொரட்டுவையின் பெயர் கொழும்பில் உள்ள மென்பொருள் கம்பனிகளுக்கு நன்கு தெரியும். கல்முனையில் இருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம். அந்தப் பயணமும் தங்குமிடமும் இல்லாமல் மொரட்டுவையின் பாடத்தை சாய்ந்தமருதில் இருந்து படிக்கலாம் என்பது எமது வாப்பாமார் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத விடயம்.

எமது கரையின் கஷ்டங்கள்

இனி எமது பக்கத்துக் குறைகளையும் பேசுவோம். முதலில் என்னைப் பற்றியே சொல்லி விடுகிறேன். அந்தத் தம்பியைப் பார்த்து உற்சாகம் வந்து, நானும் சரக்கு முகாமைத்துவம் பற்றிய ஒரு இலவசப் பாடத்தில் சேர்ந்தேன். முதல் வாரம் ஆர்வம். இரண்டாம் வாரம் ஆங்கிலம் தொண்டையில் சிக்கியது. மூன்றாம் வாரம் இரும்புக் கம்பி லொறி வந்தது, கணக்கு முடிப்பு வந்தது, ஒரு ஜனாஸா வந்தது. அதோடு சரி. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரில் நானும் ஒருவன். ஆகவே பாதியில் விட்ட பிள்ளைகளைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை.

இரண்டாவது மொழி. நல்ல பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். இப்போது இயந்திரமே தமிழில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் எந்தத் தமிழ் என்பதில்தான் சிக்கல். கணக்கியலில் 'டெபிட்' என்பதை நாம் இலங்கையில் வரவு என்றும் 'கிரெடிட்' என்பதைச் செலவு என்றும் படித்தோம். தமிழ்நாட்டில் 'டெபிட்' பற்று, 'கிரெடிட்' வரவு. ஒரே சொல், நேர் எதிர்ப் பக்கம்! தமிழ்நாட்டுப் பாடத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பிள்ளை எனது கடை லெஜரில் வரவைச் செலவாகவும் செலவை வரவாகவும் எழுதி, அதைக் கண்டுபிடிக்க எமக்கு அரை நாள் போனது. பிள்ளையின் பிழை அல்ல. சொல்லிக் கொடுக்க ஒருவர் இல்லாத பிழை.

மூன்றாவது, உள்ளூர் விடயங்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. பதிவு செய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லையும் அப்போது எட்டுக் கோடி ரூபாவிலிருந்து ஆறு கோடிக்கு இறங்கியது. அதனால் அதுவரை வற் பக்கமே போகாத எத்தனையோ கடைகள் கணக்குக் காட்ட வேண்டியவையாயின. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் என்ற கணக்கை எந்த ஸ்டான்போர்ட் பேராசிரியரும் சொல்லித் தரப் போவதில்லை. வெளிநாட்டுப் பாடம் கணக்கின் அடிப்படையைத் தரும். எமது நாட்டுச் சட்டத்தை எம்மவர் ஒருவர்தான் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, கருவி. ஊரில் கைத்தொலைபேசி இல்லாத இளைஞர் இல்லை. ஆனால் ஐந்து அங்குலத் திரையில் வீடியோ பார்க்கலாமே தவிர அட்டவணை போட முடியாது, நிரல் எழுத முடியாது. பல வீடுகளில் மடிக்கணனி கிடையாது. மாத டேட்டாவில் பாதி முதல் வாரத்திலேயே வேறு வீடியோக்களில் போய்விடுகிறது என்பதையும் பெற்றோர் அறிவார்கள்.

ஐந்தாவதாக, எமது பெண் பிள்ளைகள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தும், பல்கலைக்கழகப் புள்ளி சற்றுக் குறைந்ததனால் வீட்டோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? கொழும்புக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். வீட்டிலிருந்தே படித்து, வீட்டிலிருந்தே நான்கு கடைகளின் கணக்கை எழுதிக் கொடுக்கும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் மிகப் பெரியது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே மடிக்கணனி தம்பிக்கோ காக்காவுக்கோ போய்விடுகிறது.

ஆறாவது குறை நாம்தான். ஆம், முதலாளிமாராகிய நாம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முத்திரையைப் பார்க்கிறோம், அல்லது யாருடைய மகன் என்று கேட்கிறோம். வேலையைக் கொடுத்துப் பார்ப்பதில்லை. நாம் முத்திரையைக் கேட்பதால்தான் பெற்றோர் மாலையை அடகு வைத்து முத்திரையை வாங்குகிறார்கள். அந்தச் சந்தையை உண்டாக்கியவர்களில் எமக்கும் பங்கு உண்டு.

மேல்மாடியில் ஒரு முயற்சி

இதையெல்லாம் யோசித்து, இரண்டு வருடங்களுக்கு முன் எனது கடையின் மேல்மாடியில் சாமான் போட்டிருந்த ஓர் அறையைக் காலி செய்தேன். பாவித்த மடிக்கணனிகள் ஐந்து, ஒரு நல்ல இணைய இணைப்பு, ஒரு வெள்ளைப் பலகை. வேறு மூன்று வியாபாரிகளும் பங்கு போட்டார்கள். பதினொரு பேரைச் சேர்த்தோம். ஆண் பிள்ளைகளுக்கு இஷாவுக்குப் பின், பெண் பிள்ளைகளுக்குக் காலையில். எட்டு வாரம், ஒரே ஒரு பாடம். முதலில் சொன்ன அந்தத் தம்பிதான் வழிகாட்டி. அவர் புதிதாக எதையும் படிப்பிக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக வீடியோவைப் பார்ப்பார்கள், நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளங்கப்படுத்துவார், பயிற்சியைச் செய்ய வைப்பார். கடைசி இரண்டு வாரம் வற்றும் சேமலாப நிதியும்.

ஒவ்வொருவரிடமும் ஐயாயிரம் ரூபா முற்பணம் வாங்கினோம். முடித்தவருக்கு முழுதும் திருப்பிக் கொடுப்போம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தோம். கட்ட முடியாத இருவருக்கு நாங்களே போட்டோம். பதினொரு பேரில் ஆறு பேர் முடித்தார்கள். அதில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். ஆறு பேர் என்பது பெருமை பேசும் எண்ணிக்கை அல்ல. ஆனால் நூற்றுக்கு மூன்று என்ற கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றியது பாடத்தை அல்ல. பாடம் அதே இலவசப் பாடம்தான். ஓர் அறை, ஒரு நேரம், ஒரு வழிகாட்டி, கொஞ்சம் முற்பணம், கூட இருக்கும் நண்பர்கள். இவ்வளவுதான் கூட்டினோம்.

நட்டத்தையும் மறைக்க மாட்டேன். அந்த வழிகாட்டித் தம்பி அடுத்த வருடம் கட்டாரில் நல்ல சம்பளத்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார். எனது கடைக்கு அது பெரிய இழப்பு. பக்கத்துக் கடை ஹாஜியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "படிப்பிச்சா பறந்திடுவான் என்று நான் அப்பவே சொன்னேனே." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எமது ஊரில் பல முதலாளிமார் ஊழியரின் படிப்புக்கு ஒரு சதமும் செலவழிக்காததற்குக் காரணமே இந்தப் பயம்தான். ஆனால் நான் மறுபக்கத்தையும் பார்க்கிறேன். அவர் இருந்த காலத்தில் இரட்டைப் பில்களிலும் தவணை கடந்த கடன்களிலும் மீட்டுத் தந்த பணம், அவருக்குக் கொடுத்த சம்பளத்துக்குக் குறைந்ததல்ல. போகும் முன் ஆறு பேரை உருவாக்கி வைத்துவிட்டுப் போனார். இப்போது அந்த ஆறு பேரில் ஒரு பெண் பிள்ளைதான் எனது கணக்கையும் இன்னும் இரண்டு கடைகளின் கணக்கையும் வீட்டிலிருந்தே எழுதுகிறார். அந்த உம்மாவின் மாலையும் கட்டார்ப் பணத்தில் மீட்கப்பட்டுவிட்டது. படிப்பித்தால் போய்விடுவான் என்று அஞ்சும் நாம், படிக்காமலேயே அவன் எம்மிடம் இருபது வருடம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தோமா?

புதிய யோசனை அல்ல

வியாபாரிக்கும் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு எமது ஊரின் வரலாறே பதில். 1942இல் யுத்தகாலத்தில் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவர் பார்க்க வந்தது உணவு உற்பத்தியை. ஆனால் இப்பிரதேசப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் அக்காலத்தில்தான். பின்னர் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானபோது, கல்முனையில் கண்ட அனுபவம் அதற்கு வித்தாக இருந்தது. அதே வருடம்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் நடைமுறைக்கு வந்தது. கல்வி இலவசமாகிய பின்னும் கொப்பிக்கும் விடுதிக்கும் பஸ் காசுக்கும் யாராவது கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய நிலைமையும் அதேதான். பாடம் இலவசம். பாடத்தைச் சென்றடையும் வழி இலவசமல்ல.

ஆகவே சக வியாபாரிகளிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. ஒவ்வொரு ஊரிலும் நான்கு ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறையைக் கொடுங்கள். மருதமுனையில் கைத்தறிச் சாரம், சேலை விற்பவர்களுக்கு இணைய விற்பனை பற்றிய பாடம். சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர்களுக்குச் சரக்குக் கணக்குப் பாடம். ஒரே நேரத்தில் ஒரே பாடம் போதும். கட்டணச் சான்றிதழ் வேண்டுமென்றால், பிள்ளை பாடத்தை முடித்த பின் அந்தக் கட்டணத்தை மட்டும் நாம் கட்டலாம். முடிக்கும் முன் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் அரை நாள் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கடைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் விட்டுக் கொடுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இலட்சக் கணக்கில் கட்டி எந்தப் பாடநெறியிலும் சேர்க்கும் முன், அதே விடயத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாடத்தை நான்கு வாரம் படிக்க வையுங்கள். பிள்ளைக்கு அந்தத் துறையில் விருப்பம் இருக்கிறதா என்பது காசு போகும் முன்னே தெரிந்துவிடும். இந்த ஒரு பயனுக்காகவே இந்தப் பாடங்களை வரவேற்கலாம்.

ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திடமும் ஒரு விண்ணப்பம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக எமது மண்ணில் தொடங்கி, மறு வருடமே பல்கலைக்கழகமானது அது. முகாமைத்துவ, வர்த்தக பீடம் அங்கே இருக்கிறது. இலங்கை வற், சேமலாப நிதி, இறக்குமதி ஆவணங்கள், சிறு கடைக்கான கணக்கு ஆகியவற்றை எமது தமிழில், எமது 'வரவு செலவு' முறையில் ஒரு எட்டு வாரப் பாடமாகத் திறந்து விட்டால், பொத்துவிலில் இருந்து புத்தளம் வரை தமிழில் கணக்கு எழுதும் கடைகள் அதைப் பாவிக்கும். பரீட்சையை வளாகத்திலேயே நேரில் வையுங்கள், அதற்கு நியாயமான கட்டணம் வாங்குங்கள். அந்தத் தாளை மதிப்பதற்கு நாங்கள் தயார்.

எனது மேல்மாடி அறையில் மூன்றாவது தொகுதி அடுத்த மாதம் தொடங்குகிறது. இந்த முறை பன்னிரண்டாவது கதிரையில் நானும் உட்காரப் போகிறேன். ஐயாயிரம் ரூபாவை முதல் ஆளாகக் கட்டிவிட்டேன். இரும்புக் கம்பி லொறி வந்தால் மகன் பார்த்துக்கொள்ளட்டும்.